யெல்காயாவின் முதல் கூட்டம்

யெல்காயா கால்பந்துக் கழகத்தின் பொதுக்கூட்டத்துக்கு ஒவ்வொரு வருஷமும் இரண்டு தேதி உண்டு. முதல் தேதியன்று உறுப்பினர்களில் பாதிக்கு மேல் வந்தால்தான் கூட்டம் செல்லும். வராவிட்டால் அடுத்த ஞாயிறு, அதே மண்டபம், அதே பத்து மணி. அன்றைக்கு எத்தனை பேர் வந்தாலும் செல்லும். அறுபது வருஷத்தில் முதல் தேதிக்கு ஒரு ஈ காக்கை எட்டிப் பார்த்ததில்லை. இரண்டாவதுக்கு ஊரே திரண்டு வரும். கத்துவார்கள், நாற்காலியைத் தூக்குவார்கள், அப்புறம் கட்டிப்பிடித்து அழுவார்கள். முதல் கூட்டத்துக்குப் போகிறவன் என்றால் வேலை வெட்டி இல்லாதவன் என்று அந்த ஊரில் அர்த்தம்.

வில்தான் மட்டும் போவாள். கழக அலுவலகத்தில் இருபத்தேழு வருஷமாக எழுத்தர். மண்டபத்தைத் திறந்து, மேஜை மேல் வருகை ஏட்டை விரித்து, முதல் வரியில் தன் கையெழுத்தைப் போடுவாள். வெறும் பக்கத்தின் நகலை அனுப்பினால் மாவட்டச் சங்கப் பதிவு அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஒரு பெயராவது இருக்க வேண்டும். விதிப்படி அரை மணி நேரம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பாள். பிறகு, ‘பெரும்பான்மை இல்லாததால் கூட்டம் நடைபெறவில்லை’ என்று முதல் நாளே தட்டச்சு செய்து வைத்த தாளில் காவலாளி ஸிஹ்னியிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய் நெத்திலி வறுப்பாள்.

இந்த வழக்கத்துக்கு ஒரு கதை இருக்கிறது. அறுபது வருஷத்துக்கு முன் ஊரில் இரண்டு கழகங்கள். துறைமுகத்தில் நிலக்கரி இறக்குகிறவர்களுடையது கறுப்புச் சட்டை. கடைத்தெருத் தேயிலை வியாபாரிகளுடையது பச்சைச் சட்டை. தொழில்முறை லீகில் இடம் வேண்டுமானால் ஊருக்கு ஒரு கழகம்தான் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். சேர்ந்துவிடலாம் என்று இரண்டு தரப்பும் தலையாட்டியது. ஆனால் கூட்டத்துக்கு யார் முதலில் போவது? முதலில் போகிறவன் கெஞ்சுகிறவன் ஆகிவிட மாட்டானா? சதுக்கத்தின் இரண்டு பக்கமும் இருந்த டீக்கடைகளில் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்துகொண்டு, ஜன்னல் வழியாக முறைத்தபடியே நாள் முழுக்க டீ குடித்தார்கள். நடுவில் மண்டபம் காலியாகக் கிடந்தது. அப்படிப்பட்ட வீம்பு. அடுத்த ஞாயிறும் அதே கூத்துதான் நடந்திருக்கும். கறுப்புச் சட்டைக்காரர்களின் கோல்கீப்பர் கத்ரிக்குத்தான் பொறுமை போயிற்று. “போங்கடா, நீங்களும் உங்க ரோஷமும்!” என்று எழுந்து, சதுக்கத்தைத் தன்னந்தனியாகக் கடந்து போய், ஏட்டில் முதல் வரியில் கையெழுத்தைப் போட்டார். அவர் பேனாவைக் கீழே வைப்பதற்குள் இரண்டு கடையும் காலி. கறுப்பும் பச்சையும் கலந்த சட்டை அன்றைக்குத்தான் பிறந்தது.

கத்ரி வில்தானின் அப்பா. அதே ஏட்டில்தான் அவளும் முதல் வரியில் கையெழுத்துப் போட்டு வருகிறாள். அதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை குட்டி இல்லை, அவளுக்கென்று இருந்தது அந்தக் கழகமும் அந்த முதல் வரியும்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் அணி மூன்றாம் லீகுக்குச் சரிந்தது. தலைவர் பதவிக்கு ஒருவனும் முன்வரவில்லை. அப்போது வந்து சேர்ந்தார் ஓர்ச்சுன். பதினாலு மணி நேரப் பயணத் தூரத்தில், தெற்கே, குனெஷ்கென்ட் என்று ஒரு புது நகரத்தையே கட்டிக்கொண்டிருந்த ஒப்பந்தக்காரர். ஊர் அவரைத் தோளில் தூக்கியது. மைதானத்து வாசலில் ஆட்டுக்கடா அறுத்து, அந்த ரத்தத்தை நெற்றியில் தொட்டு வைத்தார்கள். அது தானாகக் காய்ந்து உதிரும்வரை துடைக்கக் கூடாது என்பது அங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஓர்ச்சுன் காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் காகிதக் கைக்குட்டையை எடுத்து அழுத்தித் துடைத்து, ஜன்னல் வழியாக வெளியே போட்டார். வில்தான் பார்த்தாள். வெளியூர்க்காரர், தெரியாமல் செய்கிறார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

போன வருஷம் ஓர் அறிவிப்பு வந்தது. உறுப்பினர்கள் எல்லாரும் புதுப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும், இல்லாவிட்டால் பெயர் நீக்கப்படும். ஊர் சிரித்தது. “என்னைக் கீறிப் பாரு, கறுப்பும் பச்சையுமாத்தான் ஒழுகும். எனக்கு எதுக்குப் படிவம்?” என்று ஆளாளுக்கு வசனம் பேசினார்களே தவிர, மாடியேறி வந்து கையெழுத்துப் போட்டவர்கள் நூற்றுத் தொண்ணூறு பேர். வில்தான் வீடு வீடாக அலைந்து வாங்கியதும் அதில் சேர்த்திதான். ஆயிரத்துச் சொச்சம் பெயர்கள் ஒரே நாளில் அடிபட்டுப் போயின.

டிசம்பரில் தலைவரின் வக்கீல் ஒரு கட்டுப் படிவங்களைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். இருநூற்றி இருபது புது உறுப்பினர்கள். எல்லாருக்கும் ஒரே தெரு, குனெஷ்கென்ட் தொழிலாளர் குடியிருப்பு.

“யாரு தம்பி இவங்கள்லாம்?”

“நம்ம கம்பெனி ஆளுங்கக்கா. கழகத்து மேல உசிரையே வெச்சிருக்காங்க.”

“ஒரு ஆட்டமாவது பாத்திருக்காங்களா?”

“டிவில பாப்பாங்கக்கா,” என்றான் வக்கீல். மூன்றாம் லீக் ஆட்டத்தை எந்த டிவியும் காட்டுவதில்லை.

வசந்தம் வந்ததும், கழக வரலாற்றைப் புத்தகமாகப் போடப் போவதாக ஓர்ச்சுன் சொன்னார். அறுபதாம் ஆண்டு மலராம். எழுதும் பொறுப்பு வில்தானுக்கு. அவள் பூரித்துத்தான் போனாள், பொய் சொல்வானேன். பழைய காகிதங்களை எல்லாம் தூசி தட்டினாள். படம் எடுப்பதற்கு என்று ஒரு வேன் வந்து கோப்பைகளை, சுவரில் மாட்டியிருந்த அணிப் படங்களை, அப்பாவின் கிழிந்த கையுறைகளைக்கூட அள்ளிக்கொண்டு போனது. போனது போனதுதான். மாதம் இரண்டாயிற்று. சுவரில் ஆணிகளும், படம் இருந்த இடத்தில் வெளுத்த சதுரங்களும் மிச்சம். காலையில் கதவைத் திறக்கும்போது, பிணம் எடுத்துப் போன வீடு மாதிரி இருக்கும்.

வருகை ஏட்டை மட்டும் அவள் கொடுக்கவில்லை. “கூட்டத்துக்கு வேணும் சார். முடிஞ்சதும் தரேன்.”

“அதுக்கென்ன, கூட்டம் முடியட்டும்,” என்றார் ஓர்ச்சுன், சிரித்தபடி. அவர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டதுதான் அவளுக்கு உறுத்தியது.

ஜூன் மாதக் கூட்டத்துக்கான அறிவிப்பைத் தட்டச்சு செய்ய உட்கார்ந்தபோது விஷயம் விளங்கிற்று. ஏழாவது பொருள்: விதி ஒன்று, விதி இரண்டு திருத்தம். விதி ஒன்று கழகத்தின் பெயர். விதி இரண்டு கழகத்தின் ஊர். அவள் விரல் விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது.

காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டாள். பழையவர்கள் நூற்றுத் தொண்ணூறு, புதியவர்கள் இருநூற்றி இருபது, ஆக நானூற்றிப் பத்து. பெயரையும் ஊரையும் மாற்ற, வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் கை தூக்க வேண்டும். இரண்டாவது கூட்டத்துக்கு ஊர் வந்துவிடும், அங்கே அது நடக்காது. முதல் கூட்டத்துக்கு இருநூற்றி ஆறு பேர் வந்தால் போதும், கூட்டம் செல்லும். அங்கே தடுக்க ஊர்க்காரன் ஒருத்தன் இருக்க மாட்டான். கழகத்தை லீகில் அதற்கு இருக்கிற இடத்தோடு அப்படியே பெயர்த்தெடுத்துக் குனெஷ்கென்டில் வைத்துவிடலாம்.

அவள் காகிதத்தோடு நேராகச் சதுக்கத்து டீக்கடைக்குப் போனாள். அங்கே இத்ரிஸ் இருந்தான். மீன் கடைக்காரன், மைதானத்தில் மேளம் அடிப்பவன். அவன் குச்சியைத் தூக்கினால் மூவாயிரம் பேர் கத்துவார்கள், இறக்கினால் வாயை மூடுவார்கள்.

“இத்ரிஸ், பதினாலாந்தேதி ஞாயிறு நம்ம ஆளுங்க நூத்திருபது பேரைக் கூட்டிட்டு வரணும். முதல் கூட்டத்துக்கு.”

கடையே வெடித்துச் சிரித்தது. “முதல் கூட்டத்துக்கா! அக்காவுக்குத் தனியா உக்காந்து உக்காந்து போரடிச்சுப் போச்சுடா. துணைக்குப் போங்கடா யாராவது!”

“விளையாடாத. ஏழாம் நம்பரைப் படிச்சுப் பாரு. கழகத்தைத் தூக்கிட்டுப் போகப் போறான்.”

“யாரு, தலைவரா? அட நீங்க ஒண்ணு! பதினாலாந்தேதி என் பொண்ணுக்குக் கல்யாணம்க்கா, மேல மலைப் புல்வெளியில. ஊரு மொத்தமும் வரணும்னு ஆறு பஸ் ஏற்பாடு பண்ணிக் குடுத்திருக்காரு மனுசன். நான் கேக்கக்கூட இல்ல. அவராவே கூப்பிட்டு, ‘உன் பொண்ணு என் பொண்ணு மாதிரி, பஸ் என்னோடது’ங்கறாரு. அவரைப் போயி…”

“ஆறு பஸ்ஸா?” என்றாள் வில்தான். “அன்னிக்குத்தான்னு தேதி குறிச்சது யாரு?”

“நான்தான். அவரு, ‘பதினாலு நல்லா இருக்குமே’ன்னாரு. நல்லாத்தான இருக்கு?”

“ஐயோ இத்ரிஸ்!”

“அக்கா, இங்க பாருங்க.” அவன் குரலைத் தாழ்த்தினான். பரிவாகத்தான் பேசினான், அதுதான் கொடுமை. “அறுவது வருசமா முதல் கூட்டத்துக்கு ஒருத்தரும் வந்ததில்ல. பதினாலு மணி நேரம் பஸ்ஸுல குலுங்கிக்கிட்டு எவன் வருவான், சொல்லுங்க? இருபத்தோராந்தேதி நாங்க எல்லாரும் வரோம். அவன் வாலாட்டினா நறுக்கிடறேன். இப்ப ஒரு டீ குடிங்க.”

அவள் டீயைக் குடிக்கவில்லை. இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தாள். கேட்டவர்கள் எல்லாம் கல்யாணத்துக்கு என்ன உடுத்துவது என்பதைப் பற்றிப் பேசினார்கள். ஒருத்தி, “பாவம், தனிக்கட்டை, ஏதேதோ தோணுது” என்று காதுபடவே சொன்னாள். இத்தனை பேர் சிரித்தால் நம் தலையே நமக்குச் சந்தேகமாகிவிடும். சனிக்கிழமை மாலை அவள் வழக்கம்போல, ‘பெரும்பான்மை இல்லாததால் கூட்டம் நடைபெறவில்லை’ என்று தட்டச்சு செய்து தாளை மடித்துப் பையில் வைத்தாள். அப்படி வைத்ததில் மனசு கொஞ்சம் ஆறிற்று.

ஞாயிறு காலை ஏழரைக்கு ஆறு பஸ்களும் மேளதாளத்தோடு மலையேறிப் போயின. எட்டரைக்கெல்லாம் சதுக்கத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. ரொட்டிக் கடைகூடப் பூட்டியிருந்தது. கடல் பக்கமிருந்து மூடுபனி ஏறி வந்து மண்டபத்துப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டது.

ஒன்பதரைக்கு வில்தான் ஏட்டை விரித்தாள். யாரும் இல்லை. ஸிஹ்னி கழகத்தில் சம்பளக்காரன்தான், உறுப்பினன் இல்லை. அவன் வாசலில் நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

“பாத்தீங்களாக்கா, ஒரு நாயும் வரலை. நீங்கதான் ஒரு மாசமாத் தூங்காம கெட்டீங்க.”

“வாயை மூடுடா,” என்றாள், ஆனால் சிரித்துவிட்டாள். ஒரு மாசத்தில் அவள் சிரித்தது அப்போதுதான். பேனாவைத் திறந்து, அப்பா போட்ட மாதிரியே கடைசி எழுத்தை நீட்டி இழுத்து, முதல் வரியில் கையெழுத்தைப் போட்டாள்.

மை காய்வதற்குள் முதல் பஸ்ஸின் சத்தம் கேட்டது.

மூடுபனிக்குள்ளிருந்து விளக்குகள் வந்தன. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. தூக்கம் வழிகிற கண்களோடு ஆண்கள் இறங்கினார்கள். கொத்தனார்கள், கம்பி கட்டுகிறவர்கள், வண்ணம் அடிக்கிறவர்கள். கசங்கிய ஞாயிற்றுக்கிழமைச் சட்டைகள். சண்டைக்கு வந்தவர்கள் இல்லை. “சலாம்க்கா” என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டே வரிசையில் நின்றார்கள்.

அவள் இத்ரிஸுக்குப் போன் போட்டாள். எடுத்ததும் பிடிலும் மேளமுமாகக் காது கிழிந்தது.

“இத்ரிஸ்! வந்துட்டாங்க! உடனே திரும்புங்க!”

“அக்கா, ஒண்ணும் கேக்கலை! சாப்பாடு எடுத்து வெக்கச் சொல்லவா?”

“வந்துட்டாங்கடா!”

“வாங்க வாங்க, இன்னும் நிக்காஹ் ஆகலை!” என்று கத்திவிட்டு அவன் வைத்துவிட்டான். கேட்டிருந்தாலும் என்ன, மலையிலிருந்து இறங்கி வர இரண்டு மணி நேரம்.

அவள் ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து, மேஜைக்கு வந்து கையெழுத்திடும் ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு போட்டாள். ஐந்து ஐந்தாகக் கட்டினாள். ஓர்ச்சுனும் அவருடைய நிர்வாகிகளும் வக்கீலும் கையெழுத்திட்டார்கள். அவர்களுக்கும் கோடு. வரிசை தேயத் தேய அவள் கவனித்தாள், ஓர்ச்சுன் வாசலுக்கும் உள்ளேயுமாக நடந்துகொண்டிருந்தார், போனில் யாரையோ திட்டினார். ஐந்தாவது வண்டி, ஒரு சின்ன வேன், கணவாயில் பழுதாகி நின்றுவிட்டதாம். அதில் பதினைந்து பேர்.

கடைசியில் வந்தவர் வயசான கொத்தனார். நகக்கண்களில் சிமெண்ட். மெதுவாகப் பேர் எழுதிவிட்டு ஏட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“அழகான கையெழுத்தும்மா, மேல இருக்கறது. உங்களுதா?”

“ஆமாண்ணே,” என்றாள், காகிதத்தில் கண்ணை வைத்தபடியே.

மணி பத்தரை. அவள் கோடுகளை எண்ணினாள். நாற்பத்தோரு கட்டு. இருநூற்றி ஐந்து. மறுபடி எண்ணினாள். இருநூற்றி ஐந்துதான். அல்லாஹ்வே, ஒன்று குறைகிறது! ஒரே ஒன்று! அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. எழுந்து நின்றாள்.

“இருநூத்தி அஞ்சு பேர் வந்திருக்காங்க. இருநூத்தி ஆறு வேணும். நேரம் முடிஞ்சது. பெரும்பான்மை இல்லை,” என்றாள். சத்தமாகவே சொன்னாள். பையிலிருந்து மடித்த தாளை எடுத்தாள்.

ஓர்ச்சுன் முகம் கறுத்தது. வக்கீல் உதட்டைக் கடித்தான். மண்டபத்தில் முனகல் எழுந்தது. பதினாலு மணி நேரம் பயணம் செய்து வந்து, வெறுங்கையோடு திரும்பிப் போக வேண்டுமே என்ற அலுப்பு.

“ஏம்மா,” என்றார் அந்தக் கொத்தனார். உதவி செய்கிற குரலில்தான் சொன்னார். “உங்க பேரை நீங்க எண்ணலையே. மேல முதல் வரியில இருக்கே, அது கணக்குல வராதா?”

வக்கீல் இரண்டே எட்டில் மேஜைக்கு வந்து ஏட்டைத் தன் பக்கம் திருப்பினான். விரலை வைத்து எண்ணினான். “இருநூத்தி ஆறு,” என்றான்.

“அது… அது சும்மா. வருஷா வருஷம் வழக்கத்துக்குப் போடறது,” என்றாள் வில்தான்.

“கையெழுத்துல சும்மான்னு ஒண்ணு உண்டாக்கா?” ஓர்ச்சுன் கேட்டார். முகத்தில் பழைய சிரிப்பு திரும்பியிருந்தது. “நீங்க உறுப்பினர்தானே? வந்திருக்கீங்கதானே? நல்லவேளை, நீங்களாவது வந்தீங்க.”

அவள் பக்கத்தைக் கிழிக்கக் கை நீட்டினாள். வக்கீல் அதற்குள் போனில் படம் எடுத்துவிட்டான். கிழித்தும் பயனில்லை. தவிர, அதே ஏட்டின் முதல் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து இருந்தது. அந்த ஏட்டின் மேல் அவள் கை துணிந்து விழவில்லை.

கூட்டம் இருபது நிமிஷத்தில் முடிந்தது. ஏழாவது பொருளுக்கு இருநூற்றி ஐந்து கைகள் உயர்ந்தன. எதிர்ப்பவர்கள் என்று கேட்டபோது வில்தான் மட்டும் கை தூக்கினாள். நடவடிக்கைக் குறிப்பை எழுத வேண்டியவளும் அவள்தான். குனெஷ்கென்ட் கால்பந்துக் கழகம் என்று அவள் கையாலேயே எழுதினாள். கொத்தனார் போகும்போது, “இதுக்குமேல ஆட்டமெல்லாம் எங்க ஊருலயா நடக்கும்? பேரப்பசங்க சந்தோசப்படுவாங்க,” என்றார். அவர்மேல் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. ஓர்ச்சுன் ஏட்டைத் தன் காரில் வைத்துக்கொண்டார். கூட்டம் முடிந்ததும் தருகிறேன் என்று அவள்தான் வாக்குக் கொடுத்திருந்தாளே.

சாயங்காலம் ஆறு பஸ்களும் சதுக்கத்துக்குத் திரும்பின. வில்தான் மண்டபப் படியில் உட்கார்ந்திருந்தாள். நடைபெறவில்லை என்று தட்டச்சு செய்த தாள் இன்னும் அவள் கையில் இருந்தது. முதல் பஸ் வேகத்தைக் குறைத்தது. இத்ரிஸ் மேளத்தோடு ஜன்னலில் பாதி உடம்பை வெளியே போட்டுக்கொண்டு, வருஷா வருஷம் கேட்கிற கேள்வியைக் கேட்டான்.

“அக்கா! முதல் கூட்டத்துக்கு எத்தனை பேரு?”

‘நானும் நாற்காலியும்’ என்பது அவள் வழக்கமாகச் சொல்லும் பதில். அதைக் கேட்பதற்காகவே எல்லா ஜன்னல்களிலும் முகங்கள் நீண்டன.

“இருநூத்தி ஆறு,” என்றாள் வில்தான். “முதல் கையெழுத்து என்னோடது.”

பஸ்ஸே அதிரும்படி சிரித்தார்கள். இத்ரிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அக்காவை மிஞ்ச ஆளில்லடா!” என்று குச்சியைத் தூக்கினான். மேளம் முழங்கியது. “யெல்காயா! யெல்காயா!” என்று ஆறு பஸ்ஸும் கத்திக்கொண்டே கடற்கரைச் சாலையில் இறங்கிப் போயின. அவள் அவர்களை நிறுத்தவில்லை. மறுநாள் காலை பதிவு அலுவலகம் திறக்கும்வரை அந்தப் பெயர் அவர்களுடையதுதான்.